மூப்பின் வரலாறு – 17: வேன் ஓட்டுநருக்கும் ஒரு நாற்காலி

சென்ற இதழில் 1966 ஜூலை 1-இல் நிறுத்தியிருந்தேன். 65 வயதைத் தாண்டிய அமெரிக்கர்களின் மருத்துவமனைச் செலவை மெடிகேர் திட்டத்தின்கீழ் அரசு ஏற்கத் தொடங்கிய நாள் அது. கறுப்பர்களுக்குத் தனி வார்டு வைத்திருக்கும் மருத்துவமனைக்கு மெடிகேர் பணம் ஒரு காசு கிடையாது என்று வாஷிங்டன் கறாராகச் சொன்னது. தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து கிடந்த கட்டில்கள் சில மாதங்களில் ஒரே கூடத்துக்கு வந்து சேர்ந்தன. வழக்கும் மறியலும் ஆண்டுக்கணக்கில் முட்டி மோதிய கதவு, பில் பாஸாகாது என்றதும் திறந்துகொண்டது.

ஆனால் மெடிகேர் வந்தும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத முதியவர்கள் இருந்தார்கள். அவர்களைத் தேடிக்கொண்டு இந்த இதழில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிறோம்.

சைனாடவுன், அதை ஒட்டி இத்தாலியர்கள் குடியேறிய நார்த் பீச், கர்னி தெருவோரமாகப் பிலிப்பினோக்களின் மணிலாடவுன். மூன்றையும் நடந்தே சுற்றிவரலாம். ஆனால் நடப்பவருக்கு முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். ஊரே குன்றுகளின் மேல் இருக்கிறது. தெருக்கள் சறுக்குமரம்போல் சரிகின்றன. கட்டடங்கள் மூன்று நான்கு மாடி, பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. உள்ளே எட்டுக்குப் பத்தடி ஒற்றை அறைகள். கழிப்பறை நடைக்கோடியில், அடுப்பு பொதுவில். இப்படியோர் அறையில், மாடிப்படி இறங்க முடியாத நாள் வரும்வரை எப்படியோ சமாளித்துக்கொண்டு, 1970 வாக்கில் ஆயிரக்கணக்கான முதியவர்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் பலர் தனிக்கட்டை.

ஏன் தனிக்கட்டை? பிள்ளைகள் கைவிட்டதால் அல்ல. பெற்றுக்கொள்ளவே சட்டம் இடம் தரவில்லை. சீனத் தொழிலாளர்கள் நுழைவதை 1882-இல் அமெரிக்கா தடைசெய்தது. ஏற்கெனவே வந்திருந்தவர்களால் ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர முடியாது. 1943-இல் தடை நீங்கியபோதும் ஆண்டுக்கு 105 பேருக்குத்தான் அனுமதி. பிலிப்பினோ இளைஞர்கள் 1920-களிலும் 30-களிலும் தோட்டவேலைக்கும் மீன் டப்பா ஆலைகளுக்கும் வந்தவர்கள். 1934-இல் அவர்களுக்கும் ஆண்டுக்கு 50 பேர் என்று கடிவாளம் விழுந்தது. வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாமென்றால், கலிஃபோர்னியாவில் அதற்கும் 1948 வரை சட்டம் குறுக்கே நின்றது. அந்த இளைஞர்கள்தாம் இப்போது எழுபது வயதில் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அவர்களை ‘மனோங்’ என்பார்கள். இலோகானோ மொழியில் அண்ணன் என்று பொருள். தம்பிமார் ஏராளம், பிள்ளைகள் இல்லை.

சீனக் கிழவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. 1906 நிலநடுக்கத்திலும் அதை அடுத்த தீயிலும் நகரத்தின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. அதைப் பயன்படுத்திப் பலர் ‘நான் இங்கேயே பிறந்தவன்’ என்று குடியுரிமை பெற்றார்கள். ஊரிலிருந்த யார் யாருடைய பிள்ளைகளோ அவர்களின் ‘காகிதப் பிள்ளைகள்’ ஆகிக் கப்பலேறினார்கள். ஏஞ்சல் தீவில் இறக்கிவைத்து, வீட்டுக்கு எத்தனை படி, கிணறு எந்தப் பக்கம் என்று அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்பார்கள். தப்பித்தவன் வாழ்நாள் முழுக்கப் பொய்ப்பெயரில் வாழ்ந்தான். 1956-இல் அரசு ‘ஒப்புக்கொண்டால் பார்த்துக்கொள்கிறோம்’ என்றொரு திட்டம் கொண்டுவந்து, பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் வாக்குமூலம் வாங்கியது. இப்படிப்பட்ட ஒருவரிடம் போய், ‘ஐயா, வயதுச் சான்று கொடுங்கள், மெடிகேருக்கு எழுதிப்போடலாம்’ என்றால் அவர் கதவைத் திறப்பாரா?

சுகாதாரத் துறை என்ற சொல்லே அந்தத் தெருக்களில் கசந்தது. 1900 மார்ச்சில் பிளேக் சந்தேகம் எழுந்தபோது நகராட்சி சைனாடவுனைச் சுற்றிக் கயிறு கட்டியது. மே மாதம் மறுபடியும் கட்டியது. வெள்ளையரின் கடையும் வீடும் வந்த இடங்களில் கயிறு வளைந்து ஒதுங்கிப் போயிற்று. கூட்டரசு நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டியே அந்த முற்றுகையை நீக்கியது. கிருமி ஆளின் நிறம் பார்க்கும் என்று ஒரு நகராட்சி நம்பிய விந்தை. வெளியே நம்பிக்கை இல்லாததால் சமூகத்தார் தாங்களே பணம் திரட்டி 1925-இல் சைனீஸ் ஹாஸ்பிட்டலைக் கட்டிக்கொண்டார்கள். (1940-இல் புரூஸ் லீ பிறந்தது அங்கேதான்.) ஆனால் அது நோய்க்கான இடம். நோயைவிட முதுமையே பெரிய பாடாகிவிட்ட ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்ள அந்தப் பகுதியில் இடமே இல்லை.

1971-இல் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் ஒரு குழுவாகக் கூடினார்கள். தலைமை வில்லியம் கீ, பொதுச் சுகாதாரத்தில் பணிபுரிந்த பல் மருத்துவர். ஒரு பல் மருத்துவர் இதைத் தொடங்கினார் என்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. மெடிகேர் சட்டம் கைவிட்டவற்றுள் பல்லும் ஒன்று. மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. கிழவர் ஒருவருக்கு மென்று தின்னவும் பார்க்கவும் கேட்கவும் வேண்டியதை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் பணம் கொடுத்த சட்டம் அது.

குழுவின் மனத்தில் இருந்தது ஒரு நர்சிங் ஹோம். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவமும் குடல்வால் ஆபரேஷனும் பார்க்கும் சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு: தானாக எழுந்து குளிக்க, உண்ண முடியாதவர்களைக் கட்டிலில் வைத்துப் பராமரிக்கும் இடம், போகிறவர் பெரும்பாலும் திரும்புவதில்லை. அப்படியொன்றைக் கட்டுவது சாத்தியமா என்று ஆராய்ந்து சொல்லச் சமூகப் பணியாளர் ஒருவரை வேலைக்கு அமர்த்தினார்கள். பெயர் மாரி லூயிஸ் அன்சாக். சுவிட்சர்லாந்தில் பிறந்தவர்.

அவர் ஆராய்ந்துவிட்டு, வேண்டாம் என்றார்.

கேட்டதைச் செய்துகொடுத்துப் பேர் வாங்குவது எளிது. கூலி கொடுத்தவர்களிடமே, நீங்கள் கேட்பது தவறான பொருள் என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். சமூகப் பணி என்ற தொழிலின் மதிப்பே அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. அன்சாக் சொன்ன காரணங்கள் இரண்டு. கட்டுவதற்கும் நடத்துவதற்கும் பணம் போதாது. போதுமானாலும், இந்த மக்களின் வாழ்க்கைமுறைக்கு அது ஒத்துவராது. தெருமுனைக் கடை, கான்டனீஸ் பேச்சு, சீட்டாட்டக் கூட்டாளி, காலையில் ஒரு கிண்ணம் கஞ்சி என்று வாழ்ந்தவரை இவை எதுவும் இல்லாத ஒரு கட்டிலுக்கு மாற்றுவது பராமரிப்பே ஆகாது. (அந்த அரிசிக் கஞ்சிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘காஞ்சீ’ நம் கஞ்சியிலிருந்து போன சொல்தான்.)

மாற்று வழியை அவர் எடுத்தது இங்கிலாந்திலிருந்து. 1935-இல் மேற்கு மிடில்செக்ஸில் மார்ஜரி வாரன் என்ற டாக்டர், ஏழைவிடுதி மருத்துவக் கூடத்தில் ‘இனி தேறாது’ என்று கிடத்தப்பட்டிருந்த 714 பேரைப் பொறுப்பேற்று, ஒவ்வொருவரையும் புதிதாகச் சோதித்துப் பலரை எழுந்து நடக்கவைத்தார். அந்த மரபில் வந்தவர் லயனல் காசின். 1950-களில் ஆக்ஸ்ஃபோர்டின் கவுலி ரோடு மருத்துவமனையில் பகல் மருத்துவமனை ஒன்றை நடத்தினார். முதியவர் காலையில் வருவார். மருந்து, உடற்பயிற்சி, சாப்பாடு, பேச்சு எல்லாம் முடித்து மாலையில் தன் வீட்டுக்கே போய்ப் படுப்பார். கட்டில் அவருடையதாகவே இருக்கும்.

சான் பிரான்சிஸ்கோவில் 1973-இல் அப்படியொரு பகல் மையம் திறந்தது. அமெரிக்காவிலேயே முதன்முதலாகத் தோன்றிய சிலவற்றுள் ஒன்று. பெயர் ‘ஆன் லோக்’. கான்டனீஸில் அமைதியும் மகிழ்ச்சியுமான இருப்பிடம் என்று பொருள். நம் காதுக்கு ஏதோ ஆனந்த லோகம்போல் விழுகிறது. உறவு ஒன்றும் இல்லை, தற்செயல்தான். மறு ஆண்டே மெடிகெய்டிலிருந்து, அதாவது ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டத்திலிருந்து, பணம் வரத் தொடங்கியது. 1975-க்குள் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் குளிப்பாட்டுவது, சமைத்த சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது, குடியிருக்க அறை பார்த்துக்கொடுப்பது என வேலை விரிந்தது. 1978-இல் டாக்டர், மருந்து, மருத்துவமனை அனைத்தும் உள்ளே வந்துவிட்டன.

எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. மையத்தின் நாள் வேனில் தொடங்குகிறது. ஓட்டுநர் வீடு வீடாகப் போய், தேவையானால் மாடியேறிக் கைத்தாங்கலாக இறக்கி, ஏற்றிவருகிறார். டாக்டர் பார்க்கும் முதியவர் தலைவாரி, சட்டை மாற்றி, ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொல்லும் ஆள். ஓட்டுநர் பார்க்கும் ஆளோ வேறு. நேற்றுவரை கதவருகே காத்திருந்தவருக்கு இன்று எழுந்திருக்கவே பத்து நிமிடம் ஆகிறது. அறையில் மூத்திர வாடை. வாரத் தொடக்கத்தில் கொடுத்த மாத்திரை டப்பா அப்படியே இருக்கிறது. அண்டை அறைக்காரரோடு சண்டை. இவை எந்தப் பரிசோதனைச் சீட்டிலும் வராத செய்திகள். ஆகவே ஒவ்வொருவரைப் பற்றியும் பேசி முடிவெடுக்கும் கூட்டத்தில் டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், உணவு ஆலோசகர், சமூகப் பணியாளர் ஆகியோருடன் வேன் ஓட்டுநரும் உட்கார்ந்தார். குளிப்பாட்டிவிடும் பணியாளரும் உட்கார்ந்தார். மருத்துவ உலகின் சாதி அடுக்கைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். டாக்டர் அறைக்குள் நுழைந்தால் நர்ஸ் எழுந்து நிற்கும் காலம் அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தது.

அதே ஆண்டுகளில் அதே தெருக்களில் வேறு இரண்டு சம்பவங்கள் நடந்தன. இரண்டையும் சொல்லாமல் ஆன் லோக்கை மட்டும் சொன்னால் கதை இனிப்பாகிவிடும்.

ஒன்று, மொழி. சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் சுமார் 1,800 பேர் எந்தத் தனிக் கவனிப்பும் இன்றி ஆங்கில வகுப்பில் உட்காரவைக்கப்பட்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே வாத்தியார், இதில் என்ன பாகுபாடு என்றது நிர்வாகம். ‘லௌ எதிர் நிக்கல்ஸ்’ வழக்கில் 1974 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. புரியாத மொழியில் கொடுத்தால் கொடுத்ததாகவே ஆகாது. 1964-இன் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு அது முரண் என்றது. பள்ளிக்கூட வழக்குதான். ஆனால் தீர்ப்புக்கு அடிப்படையான சட்டப் பிரிவு அரசுப் பணம் பெறும் எல்லாருக்கும் பொது, மருத்துவமனைக்கும் பொது. சென்ற இதழில் கறுப்பர்களின் கட்டில்களை ஒன்றுசேர்த்ததும் அதே பிரிவுதான். பேரப்பிள்ளைகள் வென்ற வழக்கு இப்படித் தாத்தா பாட்டிகளுக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமையாக வளர்ந்தது. 2000 ஆகஸ்டில் கிளின்டன் அதை நிர்வாக ஆணையாகவே வெளியிட்டார். 2025 மார்ச்சில், ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கிய டிரம்பின் ஆணை அந்த ஆணையை ரத்துசெய்தது. 1964-இன் சட்டம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று, கூரை. கர்னி தெருவும் ஜாக்சன் தெருவும் சேரும் மூலையில் இன்டர்நேஷனல் ஹோட்டல் இருந்தது. பேர்தான் ஹோட்டல், உள்ளே மனோங்குகளும் சீன முதியவர்களும் மாத வாடகைக்கு இருந்த ஒற்றை அறைகள். நகரின் வணிக மையம் அந்தப் பக்கமாக வீங்கிக்கொண்டு வந்தது. 1968-இல் காலிசெய்யச் சொன்னார்கள். மாணவர்களும் தொழிற்சங்கத்தாரும் அக்கம்பக்கத்தாரும் ஒன்பது ஆண்டு மறித்துக்கொண்டு நின்றார்கள். வெளியேற்ற மறுத்த ஷெரிஃப் ரிச்சர்ட் ஹாங்கிஸ்டோ ஐந்து நாள் சிறையில்கூட இருந்தார். பிறகு, 1977 ஆகஸ்ட் 4 விடியுமுன், அதே ஹாங்கிஸ்டோ சம்மட்டியோடு வந்து கதவுகளை உடைத்தார். வெளியே ஆயிரக்கணக்கானோர் கைகோத்து நிற்க, உள்ளே எஞ்சியிருந்த சுமார் 50 கிழவர்களைக் குதிரைப் போலீஸ் துணையோடு தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டடம் இடிக்கப்பட்டு, அந்த மூலை கிட்டத்தட்டக் கால் நூற்றாண்டு சும்மா கிடந்தது. முதியோர் குடியிருப்பு அங்கே எழுந்தது 2005-இல்.

வேன் வந்து நிற்க ஒரு வாசல் வேண்டுமல்லவா? வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு முதலில் வீடு இருக்க வேண்டும். ஆன் லோக் பகல் மையத்தோடு நிற்காமல் குடியிருப்பும் கட்ட இறங்கியது வெறும் ஆர்வக்கோளாறு அல்ல.

இனி பணத்துக்கு வருவோம். மருத்துவப் பணம் எப்படிப் பிரிந்து கிடந்தது தெரியுமா? கிழவர் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தால் மெடிகேர் கொடுக்கும். அவர் விழாமலிருக்கக் குளியலறையில் கைப்பிடி பொருத்தக் கொடுக்காது. கையில் ஒன்றும் இல்லாதவர் நர்சிங் ஹோமில் ஆண்டுக்கணக்கில் படுத்துக் கிடந்தால் மெடிகெய்டு கொடுக்கும். அதே ஆளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள அன்று அதற்கு வழியே கிட்டத்தட்ட இல்லை. ஒவ்வொரு பைக்கும் ஒரு வாய், ஒரு விதி. சமூகப் பணியாளரின் பாதி நாள் எந்தச் செலவை எந்தப் பையிலிருந்து எடுப்பது என்பதிலேயே போய்விடும்.

1979-இல் ஆன் லோக்குக்கு நான்காண்டு ஆய்வு மானியம் கிடைத்தது. 1983-இல் ஒரு சோதனை முயற்சிக்கு அனுமதியும் கிடைத்தது: பில்லுக்குப் பில் கொடுக்க வேண்டாம், தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் மொத்தமாகக் கொடுங்கள், பல்லோ, வேனோ, ஆஸ்பத்திரியோ எதுவானாலும் எங்கள் பொறுப்பு, மிஞ்சினாலும் எங்களுடையது, குறைந்தாலும் எங்கள் தலையில். துணிச்சலான பேரம். ஒருவர் விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் நஷ்டம் நிறுவனத்துக்கு. எனவே கைப்பிடி பொருத்துவது தர்மம் என்பதோடு கணக்காகவும் ஆகிவிட்டது. குளிர்ந்த சோற்றை ஒதுக்கிவிடுகிறார் என்றால் சூடாகக் கொண்டுபோவதும் அந்தக் கணக்கில் வந்தது.

1986-இல் வேறு பத்து இடங்களில் இதைச் செய்துபார்க்கச் சட்டம் வழிவிட்டது. 1997-இன் பட்ஜெட் சட்டத்தில் இது நிரந்தரத் திட்டமாயிற்று. நாடு முழுவதற்கும் வைத்த பெயர் ‘பேஸ்’; முதியோருக்கு எல்லாம் அடங்கிய பராமரிப்பு என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். வயது 55 ஆகியிருக்க வேண்டும். நர்சிங் ஹோமில் வைக்கும் அளவுக்கு நலிந்தவர் என்று மாநிலம் சான்றளிக்க வேண்டும். மையத்தின் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். துணையோடு வீட்டில் பத்திரமாக வாழக்கூடியவராகவும் இருக்க வேண்டும். அப்படிச் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

பிறகு ஏன் ஊரெல்லாம் பரவவில்லை? 2020 வாக்கிலும் நாடு முழுக்க இதில் இருந்தவர்கள் 50,000-க்குச் சற்று மேல்தான். அத்தனை பெரிய நாட்டுக்கு அது கொசுறு. சேர்ந்தால் பல காலம் பார்த்துவந்த டாக்டரை விட்டுவிட்டு பெரும்பாலும் மையத்தின் டாக்டரிடம் வர வேண்டும், முதியவர்களுக்கு அதற்கு லேசில் மனம் வராது. மெடிகெய்டு கிடைக்காத நடுத்தர வருமானக்காரர் மாதம் ஆயிரக்கணக்கான டாலர் கையிலிருந்து கட்ட வேண்டும். பரம ஏழைக்குக் கிடைப்பது, அவருக்கு ஒரு படி மேலே இருப்பவருக்கு எட்டாது. மையம் தொடங்கக் கட்டடம், வேன், டாக்டர் என்று முதலிலேயே பெருந்தொகை முடங்கும். 2015 முதல் லாப நோக்குள்ள நிறுவனங்களும் இதில் இறங்கலாம் என்றானது. தலைக்கு இவ்வளவு என்ற ஏற்பாட்டின் மறுமுனைக் கூர் அப்போதுதான் பலருக்கு உறைத்தது: செலவைக் குறைத்தால் மிச்சம் கைக்கு வரும் என்றால், விழாமல் காப்பாற்றியும் குறைக்கலாம், கேட்டதைக் கொடுக்காமலும் குறைக்கலாம். பராமரிப்பில் குறை கண்டு, சில மையங்களில் புதியவர்களைச் சேர்க்கக் கூடாது என்று கூட்டரசு தடைவிதித்ததும் உண்டு.

சட்டம் ஆனபின் விதிகள் எழுத வேண்டும் அல்லவா. ஒவ்வொரு மையத்திலும் முதியவரின் தேவையை எடைபோட்டு முடிவெடுக்கும் குழுவில் யார் யார் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டரசு விதித்தொகுப்பு வரிசையாகச் சொல்கிறது. முதல் இடம் முதன்மைச் சிகிச்சை அளிப்பவருக்கு. இரண்டாவது நர்ஸ். மூன்றாவது, முதுநிலைப் பட்டம் பெற்ற சமூகப் பணியாளர். அப்படியே இறங்கிவந்தால் பத்தாவது, உடனிருந்து குளிப்பாட்டி உடுத்திவிடும் பணியாளர். பதினோராவது, வேன் ஓட்டுநர்.

(தொடரும்)